விளக்கு வைத்த பிறகு ஒரு விலை

தக்காளிக்குக் காலையில் ஒரு விலை, உச்சிப்பொழுதில் ஒரு விலை, விளக்கு வைத்த பிறகு ஒரு விலை. வெங்காயத்துக்கு இந்தக் கூத்து கிடையாது. சேனைக்கிழங்கு ஒரு வாரம் ஆனாலும் அதே மதிப்போடு மூலையில் கிடக்கும். தக்காளி மட்டும் காலையில் தராசில் ஏறியது, சாயங்காலம் சாக்கின் மேல் கூறு கட்டி உட்கார்ந்திருக்கும். அப்புறம் அதற்கு எடை இல்லை, கண் மதிப்புத்தான்.

தேனி மாவட்டத்து லோயர் கேம்ப், கூடலூர்ப் பக்கம் சாலையோரக் கடையில் காய் வாங்கியவர்களுக்கு ஒரு கேள்வி பழகியிருக்கும். கூடையில் கை வைப்பதற்கு முன்னால் கடைக்கார அம்மா கேட்பார்: "இன்னைக்கே ஆக்கப் போறீகளா மதினி, வச்சு ஆக்கவா?" பதிலைப் பொறுத்துக் கை போகிற கூடை மாறும். "இது நாளை கழிச்சு வரைக்கும் தாங்கும். அது இன்னைக்குத்தேன்." இரண்டுக்கும் விலை வேறு. ஒரே தோட்டத்தில் ஒரே விடியற்காலையில் பறித்த பழங்களாகக்கூட அவை இருக்கலாம். அந்த அம்மா எடுத்துத் தருவது பழம்; காசு வாங்குவது அதில் மிச்சமிருக்கும் நாட்களுக்கு.

இது சில்லறைக் கடையின் சாமர்த்தியம் மட்டுமில்லை. தக்காளி வியாபாரமே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. அதை நின்று பார்க்க லோயர் கேம்பைப் போல இடம் அமையாது. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, மலைச்சரிவில் ராட்சதக் குழாய்களில் இறங்கி, இங்குள்ள மின்நிலையத்துச் சுழலிகளைச் சுழற்றிவிட்டுப் பள்ளத்தாக்குக்குள் ஓடுகிறது. இங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அதுதான் உயிர். மேலிருந்து இறங்குவது தண்ணீர். கீழிருந்து ஏறுவது காய்கறி. கம்பம், சின்னமனூர், தேனி வட்டாரத்துக் காய்கள் குமுளி மலைச்சாலை வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. மலையேறுகிற தக்காளிப் பெட்டியில் செங்காய்தான் இருக்கும்: அடியில் லேசாகச் சிவப்பு விட்டு, மேலெல்லாம் பச்சையும் வெளிறலுமாக, தட்டினால் கல்லைப் போல. முழுப் பழம் கீழேயே நின்றுவிடும். வளைவுக்கு வளைவு வண்டி குலுங்குவதையும், ஒரு பெட்டியின் பாரம் இன்னொரு பெட்டியில் இறங்குவதையும் தாங்கும் தெம்பு அதற்கில்லை.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை குறித்துத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இருந்த தகராறு முற்றி இந்த எல்லைச் சாலை அடைபட்டது. தேங்காய் காத்திருக்கும், பூசணிக்காய் காத்திருக்கும். தக்காளிக்குக் காத்திருக்கத் தெரியாது. அரசியல் பேசித் தீர்வதற்கு ஒரு காலம், பழம் தீர்ந்துபோவதற்கு ஒரு காலம் என்று இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. விவசாயியின் கடன் இரண்டாவதோடு கட்டப்பட்டிருக்கிறது.

சாலை திறந்திருக்கும் சாதாரண நாளில் இன்னொரு போக்குவரத்தையும் பார்க்கலாம். காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்கள், பொழுது சாய்கிற நேரத்தில் இறங்குகிறார்கள். அவர்கள் இறங்கும் நேரமும் தக்காளி கூறாக மாறும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. மலையேறும் செங்காயில் நாலைந்து நாள் இருக்கிறது. அவர்கள் முந்தானைக்குள் வாங்கிக்கொண்டு போகும் கூறில் இருப்பது அந்த ஒரு ராத்திரி.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது அந்த ஒரு ராத்திரிப் பழத்தைப் பற்றி.

பச்சைக் காய் நிறம் மாறும்போது அதிலிருந்த பச்சையம் சிதைகிறது, லைகோபீன் என்னும் சிவப்பு சேர்கிறது. நன்றாகப் பழுத்த 100 கிராம் தக்காளியில் அது சுமார் இரண்டரை, மூன்று மில்லிகிராம் இருக்கும். புளிப்பு அடங்கி இனிப்பு தெரியும், வாசம் கூடும். வைட்டமின் சி மட்டும் கொஞ்சம் முன்னதாகவே உச்சம் தொட்டுவிட்டு, மிதமிஞ்சிப் பழுத்தால் இறங்கத் தொடங்கும். (சித்திரை வெயில் இதில் வேறு விளையாடும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் லைகோபீன் உருவாவது முடங்கி, பழம் ஆரஞ்சிலேயே நின்றுவிடும். கோடையில் வாங்கிய தக்காளி குழம்புக்கு நிறமே தரவில்லையென்றால் கடைக்காரரைத் திட்டிப் புண்ணியமில்லை.) இவை நடக்கும்போதே, திசுக்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் பசையைப் பழம் தானே சுரக்கும் நொதிகள் கரைத்துக்கொண்டிருக்கின்றன. கை வைத்தால் அமுங்குவது அதனால்தான். யாரும் வெளியிலிருந்து வந்து கெடுக்கவில்லை. பழம் தன் சுவரைத் தானே இடித்துக்கொள்கிறது.

ஏன் இடிக்க வேண்டும்? விதை வெளியே போக வேண்டும். பறவையோ குரங்கோ மனிதனோ வாய் வைத்தால்தான் அது நடக்கும். பல்லுக்கு எளிதாக இருக்கும்படி தன்னை ஆக்கிக்கொள்வது பழத்தின் வேலை. ஆனால் பல்லுக்குத் திறக்கும் கதவு பூசணத்துக்கு மட்டும் சாத்தியிருக்காது. 2008ல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சுவரை நெகிழ்த்தும் புரதங்களில் இரண்டைத் தக்காளியில் ஒருசேர அடக்கி வைத்தபோது, பழுத்த பழத்திலும் சாம்பல் பூசணத்தால் முன்போலப் பரவ முடியவில்லை. பூசணம் பெரும் திருடன் என்று நினைத்திருந்தால், அது வீட்டுக்காரர் திறந்து வைத்த வாசல் வழியாகத்தான் வருகிறது.

தக்காளிக்கு அந்த வாசல் எங்கே என்று பார்ப்பது சுவாரசியமானது. இலைக்கு இருப்பதுபோல அதன் தோலில் மூச்சுத்துளை கிடையாது. காம்பு உதிர்ந்த தழும்பு இருக்கிறதே, பெரும்பாலான காற்று அதன் வழியாகத்தான் போய்வருகிறது. வெயிலில் கிடந்து சூடேறிய பழத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தழும்பு வழியாகத் தண்ணீரை இழுக்கும். தண்ணீரில் மிதக்கும் பூசண வித்தும் சேர்ந்தே உள்ளே போகும். வெளிநாட்டுப் பெரிய கிடங்குகளில் கழுவும் தண்ணீரைப் பழத்தைவிட ஐந்தாறு டிகிரி சூடாக வைத்திருப்பது இதற்காகத்தான். சுத்தமாக இருக்கட்டும் என்று வாய்க்காலில் அலசிக் கொண்டுவந்த பழம், அலசாத பழத்துக்கு முன்னாலேயே அழுகுவதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கக்கூடும்.

சாயங்காலக் கூறுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். காம்புத் தழும்பைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட் துணியை ஒட்டியதுபோல, சற்றே குழிந்து, உலர்ந்த ஒரு தேமல். அது ஆல்டர்நேரியா. தோட்டத்தில் சாரல் நனைந்த இலையிலேயே அதன் குடித்தனம் தொடங்கிவிடும். காயில் ஒட்டிக்கொண்டு, பழுக்கும் வரை பொறுமையாக இருக்கும். பக்கத்திலேயே இன்னொரு பழம்: தோல் கிழியவில்லை, நிறம் மாறவில்லை, ஆனால் எடுத்தால் தண்ணீர்ப் பை. இது ரைசோபஸின் வேலை. அதற்குப் பொறுமை கிடையாது. ராத்திரிக்குள் சாறு ஒழுகி, மறுநாள் சாம்பல் நிறப் பஞ்சு கிளம்பி, பஞ்சின் நுனியெல்லாம் குண்டூசித் தலைபோலக் கறுப்புப் புள்ளிகள் நிற்கும். சாறு பட்ட பழமெல்லாம் அதன் சொத்து. ஒரு பெட்டி முழுவதும் இரண்டு நாளில் கூழாவது பெரும்பாலும் இப்படித்தான். வெடிப்பின் ஓரத்தில் வெள்ளை மாவு பூத்து மோர் புளித்த வாடை வந்தால் அது வேறு ஒன்று, ஜியோட்ரைக்கம். காசு அளவுக்கு வட்டமாகக் குழிந்து, குழிக்குள் கறுப்புப் பொட்டுகள் வைத்ததுபோல இருந்தால் ஆந்த்ராக்னோஸ். கடைக்கார அம்மாவுக்கு இந்தப் பெயர்கள் வேண்டாம். எதைக் கூறில் சேர்க்கலாம், எதை மாட்டுக்குப் போட வேண்டும் என்று அவர் விரல் சொல்லிவிடும்.

தக்காளியின் புளிப்பு பெரும்பாலான பாக்டீரியாக்களை வாசலிலேயே நிறுத்திவிடும். பூசணங்களுக்கு அந்தப் புளிப்பு ஒரு பொருட்டே இல்லை. ஆல்டர்நேரியா இன்னும் ஒரு படி மேலே போய், அம்மோனியாவை வெளியிட்டுப் புளிப்பையே முறித்துவிடுகிறது. அதுவரை வாசலில் நின்றவர்களும் அப்புறம் உள்ளே வரலாம்.

1977ல் டேனியல் ஜான்சென் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு குழந்தைத்தனமான கேள்வியை எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதினார்: பழம் ஏன் அழுகுகிறது? நுண்ணுயிர்கள் தின்பதால் என்றுதானே பதில் சொல்வோம். அவர் அதோடு விடவில்லை. தின்பதோடு நில்லாமல் நாற்றமும் கசப்பும் நஞ்சும் ஏன் உண்டாக்குகின்றன? பெரிய வாய்க்காரன் ஒருவன் வந்து ஒரே கடியில் பழத்தோடு தங்களையும் விழுங்கிவிடாமல் இருக்கத்தான் என்றார் அவர். அழுகல் ஒரு போட்டி. 'இது எனக்கு, நீ தொடாதே' என்று பூசணம் எழுதி மாட்டும் பலகை.

இந்த எண்ணம் வந்த பிறகு சாயங்காலக் கூறு எனக்கு வேறுமாதிரித் தெரிகிறது. சிவப்பு ஏற ஏற விலை இறங்குகிறது. தின்பவர் உடம்புக்கு மிகவும் உதவக்கூடிய நாள் எதுவோ, அதுவே விற்பவர் மனதுக்கு மிகவும் பயமான நாள். விலை அடிமட்டத்துக்கு வரும் அந்த நேரத்தில்தான் ஏலத்தோட்டத்து ஜீப் வந்து நிற்கிறது, அந்த நேரத்தில்தான் பூசணமும் வந்து சேர்கிறது. ஏழையும் பூசணமும் ஒரே பழத்துக்கு ஒரே நேரத்தில் கை நீட்டுகிறார்கள். யார் முந்துகிறார் என்பதில் இருக்கிறது அன்றைய சாப்பாடு ஊட்டுமா, கெடுக்குமா என்பது.

இதை அழகான உவமையாக விட்டுவிட மனம் வரவில்லை, ஏனென்றால் போட்டியில் பூசணம் முந்திவிட்டால் விளைவு கவிதையாக இருக்காது. ஆல்டர்நேரியா விட்டுப்போகும் டெனுவாசோனிக் அமிலம், ஆல்டர்நேரியால் முதலிய நஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. சாதாரணச் சமையல் சூட்டில் முழுவதும் அழிவதுமில்லை. ஆப்பிளில் கொஞ்சம் அழுகினால் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்கிறோம். தக்காளி முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், 100 கிராமில் 94 கிராம். அழுகலும் அதன் நஞ்சும் வெட்டிய கோட்டோடு நிற்கும் என்று இந்தச் சாற்றில் நம்பக் கூடாது. தோல் சுருங்கியது, அமுங்கியது, சிறு கீறல் விழுந்து காய்ந்தது எல்லாம் நல்ல பழமே. பூசணம் பூத்ததும் பையாக ஆனதும் குழம்புக்கு ஆகாது. இரண்டையும் ஒரே சொல்லில் 'சொத்தை' என்று தள்ளுவதும் தவறு, இரண்டையும் ஒரே கூறில் கட்டுவதும் தவறு.

பாட்டிலில் அடைத்த சாஸ் என்றால் சட்டம் காவலுக்கு இருக்கிறது. 1911ல் அமெரிக்க வேளாண் துறையின் பர்ட்டன் ஹோவர்ட், சாஸை ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பூசண இழை தெரிகிறதா என்று எண்ணும் முறையைக் கொண்டுவந்தார். டப்பாவில் அடைக்கும்போது கழித்துப்போட்ட தோலும் அழுகலும் சாஸாக மாறிய காலம் அது. மசாலா வாசத்தில் மூக்கு ஏமாறும், இழை ஏமாற்றாது. இந்திய உணவுச் சட்டத்திலும் அந்த எண்ணிக்கை வந்தது. சாஸ், கெச்சப் என்றால் நுண்ணோக்கியில் பார்த்த இடங்களில் நூற்றுக்கு 40க்கு மேல் இழை தெரியக் கூடாது. கூழும் பேஸ்ட்டும் என்றால் 60. ஐரோப்பிய ஒன்றியம் 2022ல் தக்காளிப் பண்டங்களில் ஆல்டர்நேரியா நஞ்சுகளுக்கே வழிகாட்டு அளவு குறித்தது. சாக்கின் மேல் இருக்கும் கூறுக்கு நுண்ணோக்கி இல்லை. வாங்குகிறவள் கண்தான் அங்கே ஆய்வகம், அதுவும் மங்கல் வெளிச்சத்தில்.

நாட்டின் கணக்கும் இந்தக் கூறை எண்ணுவதில்லை. லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2015ல் வெளியிட்ட மதிப்பீட்டில், விளைந்த தக்காளியில் 12.44 சதவீதம் வீணாவதாகக் கண்டது. வீணானது என்றால் யார் வயிற்றுக்கும் போகாதது. வயிற்றுக்குப் போய், போன பிறகு பாதி வீணானது எந்தப் பட்டியலிலும் வராது.

பழம் தாங்கும் நாட்களைக் கூட்டுவதில் விஞ்ஞானம் சும்மா இருக்கவில்லை. தேனிக்குப் பக்கத்தில் அன்னஞ்சி என்று ஓர் ஊர். அந்தப் பெயர் கொண்ட உள்ளூர்த் தக்காளி ரகத்தில் சடுதிமாற்றத்தைத் தூண்டி, பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கியதுதான் பி.கே.எம். 1. தொலைதூரச் சந்தைக்கு ஏற்றது என்பது அதற்குச் சொல்லப்பட்ட பெருமைகளில் ஒன்று. ஆனால் பழம் தட்டையாக இருக்கும், காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக ஒரு தோள் இருக்கும். கடையில் அடுக்கினால் பார்வைக்கு எடுக்காது. கண்ணாடிபோல மேலும் கீழும் ஒரே சீராகச் சிவந்து, கோலிக்குண்டுபோல உருளும் கலப்பின ரகங்கள் வந்ததும் அந்தப் பச்சைத் தோளுக்கு மவுசு போய்விட்டது.

2012ல் 'சயின்ஸ்' இதழில் ஆன் பவலும் கூட்டாளிகளும் எழுதிய ஆய்வு அந்தத் தோளுக்குப் பரிந்து பேசியது. ஒரே சீராகச் சிவக்கும் குணம், ஒரு மரபணு பழுதானதால் வந்தது. பல பத்தாண்டுகளாக வளர்ப்பாளர்கள் அழகுக்காக அதைத் தேடித்தேடிச் சேர்த்திருக்கிறார்கள். பழுதாகாத மரபணு இருந்தால் காய்க்குள்ளேயே பச்சையம் நிறைய இருக்கும், காய் தானே கொஞ்சம் சர்க்கரையும் சமைத்துக்கொள்ளும். பச்சைத் தோள் அதன் அடையாளம். அதை ஒழித்ததில் இனிப்பும் கொஞ்சம் போனது. நாள் தாங்குவதற்கென்று பழுக்கும் மரபணுவையே பாதி முடக்கிய ரகங்கள் இன்னொரு பக்கம். அவை கல்லாக நிற்கும்; நிறமும் மணமும் அவ்வளவாக வராது. வாங்கியதைக் குளிர்பெட்டியில் வைத்து நாளை நீட்டலாம் என்றால் அங்கேயும் அதே பேரம். 10, 12 டிகிரிக்குக் கீழே நாட்கணக்கில் கிடந்த தக்காளி வாசத்தை இழக்கும். வெளியே எடுத்ததும் ஆல்டர்நேரியாவுக்குத்தான் இன்னும் எளிதாக இடம் கொடுக்கும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே விதி முட்டுகிறது. நிலைத்து நிற்பதும் ஊட்டுவதும் ஒரே குணத்தின் இரண்டு பெயர்கள் அல்ல. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும். நமக்கு உணவாகத் தகுந்த நிலைக்கு ஒரு பழம் வந்துவிட்டதென்றால் மற்ற உயிர்களுக்கும் அது அந்தக் கணமே உணவு. பூசணத்துக்கு வேண்டாதபடி ஒன்றைச் செய்யச் செய்ய, அது நமக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டாததாகிறது. சந்தையின் விலை, ஒரு பண்டம் நமக்குள் போய் என்ன செய்யும் என்பதை அளப்பதில்லை. நமக்குள் வராமல் எத்தனை நாள் வெளியே நிற்கும் என்பதை அளக்கிறது. அந்த அளவுகோலில் மலிவானது மட்டமானது என்று நாமும் கற்றுக்கொண்டுவிட்டோம்.

நெருப்புக்கு இந்தக் கணக்கில் ஒரு சலுகை இருக்கிறது. 2002ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தக்காளியை 88 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கிப் பார்த்தார்கள். வைட்டமின் சி 29 சதவீதம் போனது. உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய லைகோபீனோ ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியது. எண்ணெயோடு சேர்ந்தால் அது இன்னும் எளிதாக உடம்பில் ஏறும். தாளித்து, வெங்காயம் வதக்கி, பழுத்த தக்காளியைக் கையால் பிசைந்து போட்டுக் கரைய விடும் அடுப்புக்கு அமுங்கிய பழம் குறை இல்லை. அந்த அடுப்பு கேட்டதே அதைத்தான். கல்லுத் தக்காளி அந்தச் சட்டியில் கரையவும் நேரமாகும், கரைந்தாலும் நிறம் வராது.

கோட்டயத்துக்குப் போகும் பெட்டிக்கு நான்கு நாள் வேண்டும். அதற்கான விலையைக் கோட்டயம் கொடுக்கட்டும். அன்றைக்கு ராத்திரியே ரசம் வைக்கப் போகும் கூடலூர், கம்பத்து வீடுகளும் கூடையைக் கிளறி, உள்ளதிலேயே கெட்டியான பழமாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருக்கின்றன. தங்களுக்குத் தேவையில்லாத மூன்று நாட்களை அவை கூடுதல் காசு கொடுத்து வாங்குகின்றன. அடியில் தள்ளப்பட்ட நல்ல பழம் அன்று முழுவதும் அந்த விரல்களுக்குக் கீழே நசுங்கி, தோல் கீறி, தழும்பில் ஈரம் கோத்து, ஜீப் வந்து நிற்கும்போது பூசணத்துக்குப் பாதி தயாராக இருக்கிறது.